குழாய் மாட்டிய தடம்

போன வாரம் ஈப்போவில் ஒரு பெரிய அங்காடிக்குப் போயிருந்தேன், கையில் நுனி உடைந்த ஒரு திருப்புளியோடு. என் மருமகன் வாங்கி வைத்திருந்த செட்டில் ஒன்று அது. பெட்டியின் மேல் 'லைஃப்டைம் வாரண்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உடைத்தது நான்தான். பெயிண்ட் டின் மூடி திறக்க மாட்டேன் என்றது, திருப்புளியை விட்டு நெம்பினேன், நுனி போய்விட்டது. திருப்புளியை நெம்புகோலாக்கினால் வாரண்டி கிடையாது என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். அதனால் வழியெல்லாம் ஒரு நல்ல பொய்யாகத் தயார் செய்துகொண்டே போனேன்.

கடைசியில் அந்தப் பொய்க்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. கவுண்டரில் இருந்த பெண் ரசீதை மட்டும் வாங்கி மெஷினில் காட்டினாள். உடைந்ததைத் தொடக்கூட இல்லை. "புதுசு எடுத்துக்குங்க ஆண்டி" என்றாள்.

"உடைஞ்சதை நீ பார்க்கலையேம்மா" என்றேன்.

"பார்த்து என்ன ஆண்டி செய்றது? ரெசிட் இருக்குல்ல, போதும்லா."

எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஏமாற்ற வந்தவளை ஏன் சந்தேகப்படவில்லை என்று கோபம். காரில் உட்கார்ந்து புதுத் திருப்புளியை மோந்து பார்த்தேன். வெறும் பிளாஸ்டிக் வாடை. அந்தக் காலத்தில் புதுப் பட்டறை ஆயுதம் என்றால் எண்ணெய்த் தாளில் சுற்றித்தான் வரும். பிரித்தவுடன் மூக்கைத் தாக்கும் அந்த எண்ணெய் வாடையை நான் நான்கு வருஷம் சேலையில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. பழைய டவுனில், ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புச் சாமான் கடை. ஈயச் சுரங்கத்துக்காரர்கள், லாரிப் பட்டறைக்காரர்கள், தோட்டத்து ஆலைகளில் வேலை பார்க்கும் பிட்டர்கள், எல்லாரும் அங்கேதான் வருவார்கள். தவுக்கே, அதாவது முதலாளி, காதில் பென்சில் செருகிய ஒல்லியான சீனர். தோட்டக்காரர்களோடு பழகிப் பழகி நன்றாகத் தமிழ் பேசுவார். நான் சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் என்று தெரிந்ததும் வேறு எதுவும் கேட்காமல் வேலைக்கு எடுத்துக்கொண்டார். "தோட்டத்து ஆளு பொய் சொன்னா ஒனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நீ யாரையும் நம்பாதே" என்றார். ஆக, நான் வேலைக்குச் சேர்ந்ததே சந்தேகப்படத்தான். சம்பளம் இல்லாமலே செய்யக்கூடியவள் நான். அது அவருக்குத் தெரியாது.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ஸ்பானர்களும் குறடுகளும் அந்தக் கடையில்தான் கிடைக்கும். அவற்றுக்கு ஆயுள் முழுவதும் உத்தரவாதம். எஃகில் குறை இருந்து உடைந்தால் எத்தனை வருஷம் கழித்தும் புதிதாக ஒன்று கொடுப்பார்கள். முறைகேடாகப் பயன்படுத்தி உடைத்திருந்தால் கிடையாது. எது குறை, எது முறைகேடு என்று பார்த்துச் சொல்கிறவள் நான். கம்பெனிக்குப் போகும் பாரங்களில், அதாவது படிவங்களில், 'பரிசோதித்தவர்' என்று என் கையெழுத்துதான் இருக்கும். இருபத்துமூன்று வயதில் எனக்கு அது பெரிய நீதிபதி பதவி மாதிரி. ஒரு பூதக்கண்ணாடியும் கொடுத்திருந்தார்கள்.

வந்தவர்கள் சொன்ன பொய்களை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். ஒருவர் திருப்புளியை உளியாக்கி மூன்று மாதம் சிமெண்ட் கொத்திவிட்டு, "பொட்டியைத் தொறக்கும்போதே இப்படித்தான் இருந்திச்சு மிஸ்" என்றார். இன்னொருவர் நெருப்பில் காய்ச்சி வளைத்த ஸ்பானரைக் கொண்டுவந்து வெயிலில் வைத்தேன் என்றார். ஈப்போ வெயில் கொடுமைதான், ஆனாலும் ஸ்பானரை நீலமாக்கும் அளவுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உடைந்த சாமானாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வந்து நிற்பவர்களும் உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய திருட்டுத்தனம் குழாய் மாட்டுவது. இறுகிப்போன நட்டு அசையாவிட்டால், ஸ்பானரின் கைப்பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி இரண்டு பேராக அழுத்துவார்கள். நட்டு கழலும், இல்லாவிட்டால் ஸ்பானர் முறியும். நாட்டில் எல்லாரும் செய்தார்கள், ஒருவரும் ஒத்துக்கொண்டதில்லை. ஆனால் குழாயின் வாய் கைப்பிடியில் வளையமாக ஒரு தடம் விட்டுவிட்டுப் போகும். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

இந்தப் புத்தி கடையோடு நிற்கவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவருக்கு ஆபீசில் வேலை என்றார்கள். காப்பி கொடுக்கும்போது அவர் நகக்கண்ணில் கிரீஸ் இருந்ததைப் பார்த்துவிட்டேன். ஆபீஸ் பொய், ஏதோ பட்டறையில் வேலை என்று அம்மாவிடம் அடித்துச் சொன்னேன். வரும் வழியில் மோட்டார் சைக்கிள் செயின் கழன்றதாம், அவரே மாட்டினாராம். பிறகு அவரைத்தான் கட்டிக்கொண்டேன். அப்போதே எனக்குக் கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும்.

பெருமாள் அண்ணன் வந்தது ஒரு மழைநாளில். கோலா கங்சார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் ஆலை பிட்டர். நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பெரிய ஸ்பானரை எடுத்து இரண்டு கையாலும் மேசைமேல் வைத்தார். ஒரு பக்கத் தாடை முறிந்திருந்தது. ஸ்பானர் பளபளவென்று இருந்தது. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார். வாடை இன்னும் அடித்தது.

ஆலையில் ஓடிய ஸ்பானர் இவ்வளவு சுத்தமாக இருக்குமா? எதையோ மறைக்கத்தான் தேய்த்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். பூதக்கண்ணாடியை வைத்தேன். கைப்பிடியில் இரண்டு வளையத் தடம்.

"குழாய் மாட்டினீங்களாண்ணே?"

"இல்ல தங்கச்சி. கையாலதான் திருப்பினேன். டக்குனு வுட்டுருச்சு."

"எல்லாரும் அதான் சொல்றாங்க."

அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "போன மாசம் ரோலர் போல்ட் முறிஞ்சப்பவே என் தலையிலதான் போட்டாங்க. இன்னொரு தடவை சாமான ஒடச்சா வேலை இல்லேன்னு துரை சொல்லிட்டாரு. இது ஸ்பானரோட கோளாறுன்னு நீ ஒரு சீட்டு எழுதினா போதும். புதுசு குடுக்காட்டியும் பரவால்ல. வேலை போனா வீடும் போயிரும். நீயும் தோட்டத்துப் புள்ளதான? பேச்சுலயே தெரியுது."

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு ஆகவில்லை. 'நானும் தோட்டம், நீயும் தோட்டம்' என்று சொல்லி என்னிடம் காரியம் சாதிக்கப் பார்த்தவர்கள் அதற்கு முன்னால் பத்துப் பேராவது இருப்பார்கள். உண்மையில் தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பாத்திரங்களோடு ரோட்டில் நின்றதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பார்த்திருந்தும் எழுதினேன். 'கைப்பிடியில் குழாய் மாட்டிய தடம். முறைகேடான உபயோகம். மாற்றித் தரப்படாது.' முறிந்த இடத்தில் ஒரு ஓரம் கறுத்திருந்ததையும் பார்த்தேன். அழுக்கு என்று விட்டுவிட்டேன்.

சீட்டைப் படித்துவிட்டு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஸ்பானரக் குடு தங்கச்சி" என்றார். அதுவும் முடியாது என்றேன். நிராகரித்த சாமான் கடையிலேயே இருக்க வேண்டும் என்பது தவுக்கேயின் சட்டம். திருப்பிக் கொடுத்தால் வேறு கடையில் கொண்டுபோய் ஏமாற்றுவார்களாம். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான சட்டம் என்று நான் வியந்திருக்கிறேன். பெருமாள் அண்ணன் மழையில் இறங்கிப் போனார். ஸ்பானரை மேசைக்கு அடியில் இருந்த பிஸ்கட் தகர டின்னில் போட்டேன்.

இரண்டு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை தவுக்கே பினாங்குக்குப் போயிருந்தார். கம்பெனியின் கோலாலம்பூர் ஏஜெண்டிடமிருந்து லாரி வந்தது. டிரைவர் புது ஸ்பானர்கள் இருக்கும் ஒரு பெட்டியை இறக்கிவிட்டு, "பழசு எங்கே?" என்றார். வழக்கமாக அந்த லாரியைத் தவுக்கேயேதான் பார்த்துக்கொள்வார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னறையில் கட்டி வைத்திருந்த ஒரு மரப்பெட்டியை அவரே தேடி எடுத்துவந்தார். மேலே பாரங்கள் செருகியிருந்தன. எல்லாவற்றிலும் என் கையெழுத்து.

நான்தான் போட்டேன். ஒவ்வொரு மாதமும் ஒரு கட்டு பாரத்தை நீட்டி, "கையெழுத்துப் போட்டு வெய், அப்புறம் அவசரத்துக்கு நீ இருக்க மாட்டே" என்பார் தவுக்கே. வெற்றுப் பாரம். வருகிறவன் போகிறவன் சட்டைப் பையைக்கூடச் சந்தேகப்பட்டவள், அதைப் படிக்காமல் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பெட்டிக்குள் நான் நிராகரித்த சாமான்கள் இருந்தன. சிமெண்ட் கொத்திய திருப்புளி, நீலமாகிப்போன ஸ்பானர், எல்லாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாரத்தில் எஃகின் குறை என்று எழுதிக் கம்பெனிக்கு அனுப்பி, புதிதாக வாங்கிக் கடையில் விற்றுக்கொண்டிருந்திருக்கிறார். நான் எத்தனை பேரை விரட்டுகிறேனோ அத்தனை லாபம்.

பெருமாள் அண்ணனின் ஸ்பானரும் இருந்தது. அதன் பாரத்தில் மட்டும் தவுக்கே கூடுதலாக இரண்டு வரி எழுதியிருந்தார். தாடைக்குள் பழைய வெடிப்பு, உள்ளே கறுத்திருக்கிறது, தயாரிப்பிலேயே வந்த குறை, உபயோகித்தவர் மேல் தவறில்லை என்று. மற்றதெல்லாம் பொய். இந்த ஒன்று மட்டும் சத்தியமான உண்மை. திருடிய மனுஷன் சரியாகப் பார்த்திருக்கிறார், யோக்கியமான நான் தப்பாகப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பாரத்தின் கார்பன் நகலைக் கிழித்து எடுத்துக்கொண்டேன். கடைச் சாவியை எதிரே காப்பிக்கடை வைத்திருந்த முஸ்லிம் மாமாக்கிடம் கொடுத்துவிட்டு, பெருமாள் அண்ணனின் தோட்டத்துக்கு பஸ் ஏறினேன். திரும்ப அந்தக் கடைக்குள் போகவே இல்லை.

தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கிராணி என்போம், நகலை மூக்குக்கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். பிறகு, "வேற ஆளு வந்தாச்சும்மா. பெருமாள் இருந்த வீட்டுலதான் அந்தப் புது ஆளு இருக்கான். பெருமாள் குடும்பம் போயி ஒரு மாசம் ஆவுது. தெலுக் இந்தான் பக்கம் போனதா சொன்னாங்க. சரியாத் தெரியல" என்றார். "வேணும்னா இத வெச்சிட்டுப் போங்க." நான் கொடுக்கவில்லை. என் முதுகு திரும்பியதும் குப்பையில் போடுவார் என்று சந்தேகம். அந்தப் புத்தி அப்போதும் விடவில்லை பாருங்கள்.

வெளியே வரும்போது ஆலைச் சுவரில் ஆயுதங்கள் மாட்டியிருப்பதைப் பார்த்தேன். ஒவ்வொரு ஸ்பானரின் கைப்பிடியிலும் ரப்பர் பட்டை சுற்றி, இரண்டு இடத்தில் செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. அங்கே நின்ற பையனிடம் ஏன் என்று கேட்டேன். "பாலும் ஆசிட்டும் பட்டு கை வழுக்கும்க்கா. எல்லாரும் கட்டுவோம்" என்றான். ஒரு ஸ்பானரின் கம்பியை விரலால் நகர்த்திப் பார்த்தேன். அடியில் அதே வளையத் தடம்.

அப்பாவின் பால் வெட்டும் கத்தியில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கம்பி போட்டுக் கட்டுவது சின்ன வயதில் என் வேலை. கம்பி முனை குத்தி ரத்தம் வந்திருக்கிறது. அந்தக் கைதான் பூதக்கண்ணாடியைப் பிடித்துக் குழாய் என்று எழுதியது. பெருமாள் அண்ணன் அந்தப் பட்டையைக் கழற்றி, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டு வந்தது மறைப்பதற்கு இல்லை. டவுனுக்குப் போகும்போது எதையும் அழுக்காகக் கொண்டுபோகக் கூடாது. எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம்.

தெலுக் இந்தானுக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். சந்தையில், பட்டறைகளில், ஆற்றோரக் கடைகளில் விசாரித்தேன். பெருமாள் என்ற பெயரில் ஊருக்குப் பத்துப் பேர். என் பெருமாள் அண்ணன் கிடைக்கவில்லை.

இரும்புக் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். ரப்பர் மரங்கள் போய், தோட்டம் முழுக்க எண்ணெய்ச் செம்பனை. ஆலையும் இல்லை, லயமும் இல்லை, அவர் வீடு எந்த இடத்தில் இருந்தது என்று காட்ட ஒரு அடிக்கல்கூட இல்லை. அன்று அங்காடியிலிருந்து வீட்டுக்கு வந்து, புதுத் திருப்புளியை வைக்க அலமாரி இழுப்பறையைத் திறந்தேன். அடியில் அந்த நகல் அப்படியே இருந்தது. கார்பன் எழுத்து மங்கிவிட்டது, ஆனாலும் படிக்கலாம். உபயோகித்தவர் மேல் தவறில்லை. கீழே என் கையெழுத்து.