கார் ரேடியோவின் ஃப்யூஸ்

பிள்ளைகளா, எந்த வண்டியானாலும் நான் இறக்கம் பார்த்து நிறுத்துவதை நீங்கள் கேலி செய்வீர்கள். அந்தப் பழக்கம் எப்போது வந்ததென்று எழுதிவைக்கிறேன்.

சிலோனிலிருந்து கப்பலேறி வந்த மறு வருஷம் சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேனேஜர் துரையின் காருக்கு டிரைவராகச் சேர்ந்தேன். வெள்ளைக்காரர் காலத்துக் கார். ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் விடிந்தால் பேட்டரி இறங்கிக் கிடக்கும். வேலைக்குப் பேர் கொடுக்க வந்த ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளவைப்பேன். மூன்றாம் தடவை துரை, "இன்னொரு தரம் தள்ளவெச்சே, கொழுந்து மூட்டை தூக்கப் போயிடு" என்றார். டிரைவர் வேலை போனால் டிரைவர் வீடும் போகும். பெரியவளுக்கு அப்போது இருமல் ஓயாது. கூலியாட்களின் லயத்தில் ஒழுகாத கூரை கிடையாது.

பந்தலூரில் பேட்டரிக்காரர் சோதித்துவிட்டு, "பேட்டரி நல்லாத்தானுங்க இருக்குது. நீங்க தூங்குனதுக்கப்புறம் வண்டி தனியா எங்கயாச்சும் போயிட்டு வருதுங்களோ என்னமோ" என்றார். டைனமோவும் சரியாகவே இருந்தது.

ஒரு சாயங்காலம் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுப் போனேன். காலையில் மாட்டியதும் உடனே ஸ்டார்ட் ஆனது. அப்படியானால் காரில் ஏதோ ஒன்று கரண்ட் குடிக்கிறது. அன்று மாலை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரிக்கும் வயருக்கும் நடுவே ஒரு சின்ன பல்பை வைத்துப் பார்த்தேன். எங்காவது கசிந்தால் அது எரியவேண்டும். எரியவில்லை. வயரை மாட்டிவிட்டுப் போனேன். விடிந்தால் பேட்டரி மறுபடி காலி.

என்ன செய்வதென்று தெரியாமல் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கை ரேடியோவில் பட்டது. பழைய வால்வு ரேடியோ. சாவி போடாமலே பாடும், பேட்டரியை மளமளவென்று குடிக்கும். ஸ்டீயரிங் விறைக்கிற குளிரில் அந்தப் பெட்டி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

மறுநாள் விடியுமுன்பே போனேன். ஷெட் காவல்காரர், எங்களைப் போலவே சிலோனிலிருந்து வந்தவர், காருக்குள் குனிந்து ரேடியோவில் காதை வைத்திருந்தார். அந்த நாட்டுச் செய்தி. அவர் கதை லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் மனைவிக்கும் இந்தியக் குடியுரிமை என்று ஆகிவிட்டது. மகன் அங்கேயே நின்றுவிட்டான். அங்கே கலவரம். கடிதம் வந்து பல மாதம். மகன் இருக்கிற ஊரின் பேர் செய்தியில் வராவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும்.

நான் கூப்பிடவில்லை. மஞ்சு மூட்டத்துக்குள் அப்படியே திரும்பினேன். அன்று மாலை ரேடியோவின் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த நாள் அவரே வந்தார். "தம்பி, தப்பா எடுத்துக்காத. வெடியக்காலையில கொஞ்சம் ரேடியோ கேப்பேன். இன்னைக்கிப் பேசுதில்ல."

"பழசுதானேண்ணே. செத்துப்போச்சு."

"ஒங் கைக்கு வராததா? கொஞ்சம் பாரேன்."

"வால்வு கெடைக்காதுண்ணே."

தலையாட்டிவிட்டுப் போனார்.

கார் அப்புறம் ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை. துரை என்னைக் கெட்டிக்காரன் என்றார்.

ஒரு மாதம் கழித்து மகனின் கூட்டாளி எழுதிய கடிதம் வந்தது. மகன் செத்த நாள் அதில் இருந்தது. நான் ஃப்யூஸைப் பிடுங்கிய நாலாம் நாள். அந்த ஊரின் பேரை ரேடியோவில் சொல்லியிருப்பார்கள். அந்த மாதம் முழுக்க அவர் ஷெட் ஓரத்தில் பீன்ஸ் கொடிக்குக் குச்சி ஊன்றினார். என்னிடம் பீடி வாங்கிக் குடித்தார். மகனுக்கென்று சந்தையில் கம்பளி ஒன்று எடுத்துவந்து என்னிடம் காட்டினார்.

"முன்னமே தெரிஞ்சிருந்தா மட்டும் அவரு என்ன செஞ்சிருக்க முடியும்?" என்றாள் உங்கள் அம்மா.

அழுதிருப்பார்.

அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. அவரும் மனைவியும் கோயம்புத்தூர்ப் பக்கம் போனார்கள். பஸ் ஏற்றிவிட்டதும் நான்தான். "வரேன் தம்பி" என்றார்.

திரும்பிவந்து காரை ஷெட்டுக்குள் விடவில்லை. வெளியே இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, முன்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். பேட்டரி செத்தாலும் கல்லை எடுத்தால் போதும், ஓடுகிற ஓட்டத்தில் ஸ்டார்ட் ஆகிவிடும். அந்த இறக்கம் முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து ஃப்யூஸை எடுத்து, பழைய இடத்தில் மாட்டினேன்.