சித்தப்பாவின் சிரங்கு

நாங்கள் இருந்த ஜேர்மன் கிராமத்தில், சனிக்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் தமிழ் வகுப்பும் நடன வகுப்பும் நடக்கும். எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம், நடனத்தைவிடச் சிரங்குதான் எங்களுக்குள் வேகமாகப் பரவியது. கைகோத்து ஆடிய எல்லோரும் சொறிந்தோம். ஆனால் எந்த வீட்டிலும் சிரங்கு இல்லை. கேட்டால், "பிள்ளைக்குக் குளிர் ஒத்துக்கொள்ளேல்லை" என்பார்கள். அம்மாவும் எனக்கு நீளக்கைச் சட்டை போட்டு, "வாய் திறக்கப்படாது" என்று சொல்லித்தான் அனுப்புவார்.

ஒருநாள் ஊர் மருத்துவர், நெட்டையான ஒரு ஜேர்மன் பெண்மணி, மாத்திரைகளோடு மண்டபத்துக்கே வந்துவிட்டார். உடம்பு கடித்து அரித்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரும் ஒரே நாளில் விழுங்கவேண்டும், ஒரு வீடு தவறினாலும் திரும்ப வரும் என்றார். எங்கள் வீட்டிலேயே இருந்த சித்தப்பா அதைத் தமிழில் சொன்னார். பெற்றோர் மரியாதையாகத் தலையாட்டினார்கள், ஒருவரும் எழும்பவில்லை. முதலில் எழும்புகிறவர் வீட்டிலிருந்துதான் தொடங்கியது என்று சனம் கதைக்காதா? மருத்துவர் பெட்டியை மூடப்போனார்.

திடீரென்று சித்தப்பா கதவு நிலையில் முதுகைத் தேய்த்தார்.

"இனி ஏலாது! எனக்குத்தான் முதல் வந்தது. என்னாலதான் பிள்ளையளுக்கும் பரவியிருக்கும்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, மாத்திரைகளை வாங்கி விழுங்கினார்.

அம்மாவின் முகம் வெளிறியது. சித்தப்பாவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பெண்ணின் தாய் முன்வரிசையில் இருந்தார். அவர் மெல்ல எழும்பினார்.

"எனக்கும் கன நாளாக் கடிக்குது தம்பி. எத்தினை குளிசை போடவேணும்?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

அன்றைக்கே எல்லா உடுப்பையும் சுடுதண்ணீரில் தோய்க்கவேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை. அலுமாரியில் தொடாமல் கிடந்த பட்டுகள் மட்டுமே மிஞ்சின. மாலையில் எங்கள் வீட்டில் கூடிய பெண்கள் கூறைச்சேலையோடு வெங்காயம் உரித்தார்கள். பட்டுப்பாவாடையோடு நாங்கள் முற்றத்தில் துள்ளினோம். ஒரு கல்யாணவீடு போலவே இருந்தது.

சித்தப்பா சட்டைக்கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, ஈரப் போர்வைகளைக் கொடியில் போட்டார். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அவர் கைகளில் ஒரு கொப்புளம்கூட இல்லை. ஒரு நகக்கீறலும் இல்லை. ஜேர்மன் மருந்து எவ்வளவு கெதியாக வேலை செய்கிறது என்று நான் வியந்துபோய், அதை அம்மாவிடம் சொல்ல ஓடினேன்.