என் செருப்புக்குப் போன பெயர்

மரக்காணம் உப்பளத்தில், துருவேறி எடைக்குப் போட வைத்திருந்த எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டி உப்புத்தண்ணீர் இறைக்க வைத்தவன் நான். மோட்டார் கொட்டகை கட்டினேன். இரண்டு மழைக்கு விழுந்தது, மூன்றாவது மழைக்கு நின்றது. சொந்தமாக ஓட்டு வீடு எழுப்பினேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. இப்படிப்பட்டவனைப் பற்றி எங்கள் குடும்பத்தில் பேச்செடுத்தால், அது என் செருப்பில் போய்த்தான் நிற்கிறது.

எழுபதுகளில் நடந்த கதை. என் அக்கா பொம்மையார்பாளையத்தில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர், என் மாமா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். கப்பலில் வந்த சாமான்களோடு துணி காயவைக்கும் மிஷின் ஒன்றும் வந்தது. வெயில் கொளுத்துகிற ஊரில் அதற்கு என்ன வேலை? மேலே பூத்துணி விரித்து ரேடியோவை வைத்துவிட்டார்கள்.

அந்தக் கார்த்திகையில் நான்கு நாள் விடாத மழை. ஞாயிறு காலை மாதாகோயில் பூசையில் அக்கா மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். பாண்டியில் தைத்த வெள்ளைக் கவுனை, சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கும்போது மாமா சேற்றில் போட்டுவிட்டார். அலசியாகிவிட்டது, காயத்தான் வழியில்லை. இஸ்திரி போட்டால் பெட்டியின் கரி தெறிக்குமே என்று அக்காவுக்குப் பயம். மிஷினைப் போட்டால் வீடே இடிகிற மாதிரி தடக் தடக் என்றது. பூசைக்காக அன்று மத்தியானமே வந்திருந்த நான் சட்டையைக் கழற்றினேன்.

"ஏம் மச்சான், இது பிரான்ஸ் மிஷின். தண்ணி எறைக்கிற எஞ்சின்னு நெனச்சியா?" என்றார் மாமா.

"சுத்துறதெல்லாம் ஒண்ணுதான் மாமா."

"டேய், பெருமையெல்லாம் அப்புறம் பேசு. கவுன் காயுமா, காயாதா?" என்றாள் அக்கா. கண் கலங்கியிருந்தது. பிள்ளை ஈரக் கவுனை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது.

மோர் கடைகிற மத்தை வாங்கி, ஒரு முனையை மிஷினில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தேன். எஞ்சினுக்கு நான் நோய் பார்ப்பது அப்படித்தான். சத்தம் கீழே இடப்பக்கம். பின்தகட்டைக் கழற்றினேன். டிரம்மைத் தாங்குகிற இரண்டு சின்னச் சக்கரங்களில் ஒன்றின் ரப்பர், ஒரு பக்கம் தோசைபோல் தட்டையாகிக் கிழிந்திருந்தது. கூடவே ஒரு பிடி அரிசியும் கொட்டியது.

"உள்ள என்ன வச்சிருந்தீங்க மாமா?"

மாமா மழையைப் பார்த்தார். அக்காதான் சொன்னாள்: "ரெண்டு வருஷமா அரிசி மூட்டை. எலி நுழையாதுன்னு இவருதான் வச்சாரு."

அந்தப் பாரம்தான் ரப்பரை நசுக்கியிருக்கிறது. சிரிக்க நேரமில்லை. "கெட்டியான தோல் வேணும். நாலு வில்லை வெட்டிக் கோத்தா சக்கரம் ஆயிடும்" என்று சொல்லிவிட்டு, அச்சைக் கழற்ற மிஷினுக்கு அடியில் படுத்தேன். தலையை வெளியே எடுத்தபோது, அக்கா அரிவாள்மனையில் என் புதுச் செருப்பின் அடித்தோலை வட்டமாக அறுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! அது பூசைக்குப் போட வாங்கினது!"

"தோல் வேணும்னு யாரு சொன்னா? நீதான சொன்ன?"

ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டேன், நான்கையும் கோத்து அரத்தால் ராவி வட்டமாக்கினேன், விளக்கெண்ணெய் விட்டுப் பூட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் பூனை உறுமுகிற சத்தம்தான். பொழுது சாய்வதற்குள் கவுன் காய்ந்து சூடாக வெளியே வந்தது. பிள்ளை அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டது.

மறுநாள் எடுத்த போட்டோ அக்கா வீட்டுக் கூடத்தில் இன்றும் தொங்குகிறது. முன்னால் வெள்ளைக் கவுன். ஓரத்தில் வெறுங்காலோடு நான். யார் கேட்டாலும் மாமா சொல்வது ஒன்றுதான்: "மச்சான் செருப்பு இல்லன்னா அன்னிக்குப் புதுநன்மையே இல்ல."

செருப்பா மத்தைக் காதில் வைத்துக் கேட்டது? செருப்பா அடியில் போய்ப் படுத்தது? இனிமேல் அந்தப் போட்டோவைக் காட்டிக் கதை சொல்கிறவர்கள் முதலில் என்னைச் சொல்ல வேண்டும். செருப்பை அப்புறம் சொல்லிக்கொள்ளட்டும். அரிசி மூட்டையையும் விடக்கூடாது.