படத்தில் கிழக்கு எங்கே

நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த கோடையில், அம்மா அதே பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினாள். சிறுவயதில் மற்ற பாடங்களில் தேறி, ஆங்கிலத்தில் மட்டும் விட்டிருந்தாள். அனுமந்தன்பட்டியில் எங்கள் தெரு அங்கன்வாடியில் பணியாளர் இடம் காலியாகப் போகிறது என்று தெரிந்தது. விண்ணப்பிக்கப் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். கோடை முடிந்ததும் தனித்தேர்வு.

என் பழைய நோட்டுகளை வைத்துப் படித்தாள். மனப்பாடச் செய்யுளை மாவரைத்தபடியே இரண்டு நாளில் முடித்தாள். இலக்கணத்தின் பக்கம் நாங்கள் அதிகம் போகவில்லை. நான் நம்பியிருந்தது வழி சொல்லும் கேள்வியை. பேங்க், ஆஸ்பத்திரி எல்லாம் குறித்த ஒரு தெருப்படம் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் வெளியூர்க்காரருக்கு ஆஸ்பத்திரிக்கு வழி சொல்ல வேண்டும். லெஃப்ட், ரைட், ஸ்ட்ரெய்ட் தெரிந்தால் ஐந்து மதிப்பெண்.

அம்மா படத்தை நெடுநேரம் பார்த்தாள். "இதுல கெழக்கு எங்கன இருக்கு?" என்றாள்.

படத்தில் கிழக்கு இல்லை. எங்கள் வீட்டிலோ இடதும் வலதும் இல்லை. அடுப்பில் இருக்கும் சட்டியைக்கூட "கொஞ்சம் மேக்க தள்ளி வை" என்பாள் அம்மா.

லெஃப்ட் என்றால் பீச்சாங்கை, ரைட் என்றால் சோத்தாங்கை என்று தொடங்கினேன். படத்தில் மேல்நோக்கிப் போகும்வரை சரியாகச் சொன்னாள். கீழ்நோக்கி இறங்கியதும் இரண்டு கையும் இடம் மாறிவிட்டன. மூன்றாம் நாள் சிமெண்ட் முற்றத்தில் சாக்பீஸால் அந்தத் தெருக்களை வரைந்து அவளை நடக்கவிட்டேன். கைகளைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு திருப்பத்தையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு நடந்தாள்.

திராட்சைத் தோட்டத்திலிருந்து திரும்பிய பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்றார். "என்னக்கா, இந்த வயசுல பாண்டி வெளையாடுறீக?"

"பேங்குக்குப் போறேன். வாரியா?" என்றாள் அம்மா.

நடக்கும்போது தவறவே இல்லை. தாளில் மட்டும் தவறியது. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். போகிற திசை எப்போதும் தனக்கு முன்னால் இருக்கும்படி தாளைத் திருப்பிக்கொண்டாள். அதன்பின் பிழை வரவில்லை.

உத்தமபாளையத்தில் பரீட்சை. அங்கே நடந்ததை வெளியே வந்து அவள்தான் சொன்னாள். வினாத்தாளை நாலாப்பக்கமும் திருப்பியதைப் பார்த்து, பின்னால் இருப்பவருக்குக் காட்டுகிறாள் என்று மேற்பார்வையாளர் நினைத்துவிட்டார். தாளை மேசையில் நேராக வைக்கச் சொல்லி அதட்டியிருக்கிறார்.

"நேரா வச்சா என்னால திரும்பி வர முடியல சார்னு சொன்னேன்," என்றாள்.

அவர் குனிந்து படத்தைப் பார்த்தார். தாளின் மேல் விரலால் ஒருமுறை போய் வந்தார். பிறகு, திருப்பிக்கோங்கம்மா என்று சொல்லிவிட்டு நகர்ந்தாராம்.

முடிவு வந்த அன்று பிரவுசிங் சென்டரில் அவளுடைய எண்ணைத் தட்டினேன். தேர்ச்சிக்கு மேல் மூன்று மதிப்பெண். அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். விண்ணப்பத்தை அன்றைக்கே வாங்கிவிட்டோம். திரும்பும் பஸ்ஸில், படத்துக்கு எவ்வளவு போட்டிருப்பார்கள் என்று கேட்டேன்.

"அஞ்சும் போட்டிருப்பாக," என்றாள். "அந்த வெளியூர்க்காரரு இந்நேரம் ஆஸ்பத்திரிக்குப் போயிச் சேந்திருப்பாரு."