ஆயுதபூசையன்று ஊர் பார்த்த கதை

இளங்குழந்தைகளோடு சிற்றூரில் குடியேற விழையும் உறவினர் சிலர் அண்மைக்காலமாக என்னிடம் அறிவுரை கேட்கின்றனர். நான் தேர்ந்த ஊரை அவர்கள் பார்த்ததில்லை, பார்த்திருந்தால் கேட்டிருக்கமாட்டார்கள். மேலும், என் மகன் விருந்துகளில் அவ்வூரைத் தேர்ந்த நிகழ்வை எடுத்துரைக்கும் பாங்கில் என் அறிவு சற்றுக் குறைத்தே மதிக்கப்படுகிறது. ஆதலால் நடந்ததை நடந்தவாறே எழுதிவைப்பது கடமையாயிற்று.

மகனுக்கு ஒரகடத்தில் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பணி, குடியிருப்போ சென்னையில். குழந்தைகள் விழிக்குமுன் நிறுவனப் பேருந்தில் ஏறுவான். அவர்கள் உறங்கியபின் வந்து இறங்குவான். ஞாயிறன்று நாள் முழுதும் உறங்குவான். ஏழு வயதுப் பேத்தி பள்ளியில் குடும்பப் படம் ஒன்று வரைந்தாள். அதில் தாய் நின்றாள், தம்பி நின்றான், நான் நாற்காலியில் அமர்ந்திருந்தேன். தந்தை மட்டும் போர்வையுடன் படுத்திருந்தான். வீட்டில் எவருக்கேனும் உடல்நலம் குன்றியுள்ளதா என்று ஆசிரியை மருமகளிடம் பரிவோடு வினவினாராம். படத்தைக் கண்ட மகன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பணிக்குச் சென்றான். மூன்றாம் நாள், தொழிற்சாலைக்கு அருகே குடிபெயர்வதென்று முடிவாயிற்று.

ஊர் தேரும் பொறுப்பை நானே ஏற்றேன். ஐந்திணையையும் முப்பதாண்டுகள் கற்பித்தவனுக்கு ஓர் ஊரைத் தேரத் தெரியாதா? மறைமலை நகர், விட்டுவந்த நகரத்தின் வால் என்று மருமகள் ஒதுக்கினாள். சுங்குவார்சத்திரத்தில் வீட்டுக்காரர்கள் எங்களை இரக்கத்தோடு நோக்கினர். தொழிற்சாலைப் பணிக்கு வந்த தென்மாவட்டத்து இளைஞர் அறுவர் வாடகை தந்து படுத்தெழக்கூடிய அறையில் ஒருவர் சமையல் செய்ய விரும்புவது அவர்களுக்கு ஊதாரித்தனமாகத் தோன்றிற்று.

மகனுக்கு விடுமுறை கிடைத்த நாள் ஆயுதபூசை. அன்று வாலாசாபாத் செல்லும் சாலையில் ஒரு சிற்றூரைக் கண்டோம். சாலைக்கு இப்புறம் வீடு, அப்புறம் பள்ளி, நட்டநடுவே உறங்கும் ஒரு நாய். சரக்குந்துகள் வாழைக்கன்றும் சந்தனமும் சூடி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளைப்போல் ஓரமாக அடங்கி நின்றன. அவ்வமைதியை நான் வாயார வியந்தேன். வேறொரு நாளும் வந்து பார்க்கலாமே என்றான் மகன். மறுநாள் விசயதசமி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அதனினும் நன்னாள் உண்டோ என்று கேட்டு அவன் வாயை அடைத்தேன். தரகர் என் கூற்றை மும்முறை வழிமொழிந்தார்.

விசயதசமியன்றும் தொழிற்சாலைகளுக்கு விடுமுறை. நாய் அங்கேயே உறங்கிற்று.

அடுத்த வாரம் குடிபுகுந்தபோது நாயைக் காணவில்லை. பெருங்கொள்கலன் ஏற்றிய வண்டிகள் யானைநிரைபோல் இடைவெளியின்றிச் சென்றுகொண்டிருந்தன. அடுக்களையில் ஏனங்கள் தாமே இடம்பெயர்ந்தன. பையுடன் நின்ற குழந்தைகளை அக்கரை சேர்க்க, குடையை உயர்த்திச் சாலையில் ஓரடி வைத்தேன். ஓட்டுநர் ஒருவர் எழுப்பிய ஒலியில் இரண்டடி பின்வாங்கினேன். எதிரிலிருந்த தேநீர்க்கடை அம்மையார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், பூஜை அன்னிக்கு வந்தா ரோடு பாத்தீங்க? அன்னிக்கு லாரிங்கல்லாம் பொட்டு வச்சிக்கினு தூங்கும். கொயந்தைங்கள வச்சிக்கினு இப்டியா வூடு புடிப்பாங்க?"

முப்பதாண்டுப் பணியில் என் ஆய்வை எவரும் இத்துணைச் சுருக்கமாக மறுத்ததில்லை.

சென்னைக்கே திரும்பிவிடலாம் என்றாள் மருமகள். மகன் ஒப்பவில்லை. எவரும் விரும்பாத இரவுப் பணியைக் கேட்டு வாங்கினான். மேற்பார்வையாளர் இருமுறை காரணம் வினவினாராம். என்னிடம் மட்டும், "நைட் ஷிஃப்ட் பஸ் ஸ்கூல் நேரத்துக்கு இங்கதான்பா நிக்கும். நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான். உறக்கத்திலிருந்து மீட்கக் குடிபெயர்க்கப்பட்டவன் இப்போது பள்ளி விடும் நேரம்வரை பகல் முழுதும் உறங்குகிறான். என் திட்டத்தின் சிறப்பு அத்தகையது.

எனினும், நாள்தோறும் காலையில் ஒளிரும் மேற்சட்டையுடன் பேருந்தைவிட்டு இறங்குகிறான். ஒரு கையை உயர்த்த, யானைநிரை நிற்கிறது. மறுகையைப் பேரன் பற்றுகிறான். அவன் கையைப் பேத்தி. அக்கரை சேர்ந்ததும், எதையோ வீட்டில் மறந்துவிட்டதாகப் பேத்திக்கு நினைவு வரும். ஒரு நாள் அழிப்பான், ஒரு நாள் தண்ணீர்க் குப்பி. மீண்டும் வந்து, எடுத்துக்கொண்டு, மீண்டும் கடக்கின்றனர். நினைவாற்றலில் அவள் என்னை ஒத்தவள், எதையும் எளிதில் மறப்பவளல்லள். இம்மறதி எங்கிருந்து வந்ததென்று நான் ஆராயவில்லை.

இவ்வரலாற்றில் பிழை காண்போர் தெரிவித்தால் நன்றியுடன் திருத்திக்கொள்வேன். ஊர் தேர்ந்த பிழையை மட்டும் திருத்த முற்படவேண்டா. பேத்தியிடம் கேட்டேன், அது இருக்கட்டும் என்கிறாள்.