பீப்பாய்களுக்கு நடுவே

1988ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரத்துக்குத் தெற்கே, மாடுகள் மேய்கிற ஒரு பெரிய புல்வெளியில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன். என் முன்னால் துப்பாக்கி எதுவும் இல்லை. சிவப்புக் கொடி பிடித்த ஒரு பெண்தான் நின்றார். நான் ஏன் அப்படி நின்றேன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஊரில் நான் வாடகைக் கார் ஓட்டினேன். யாழ்ப்பாணத்தில் அதை 'ஹயர் ஓடுவது' என்போம். 1985இல் ஒரு மழைநாள் காலை அண்ணனை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு வளைவு தாண்டியதும் ரோட்டில் தார்ப் பீப்பாய்களை இடமும் வலமுமாக அடுக்கி ராணுவம் சோதனைச் சாவடி போட்டிருந்தது. முதல் நாள் அது அங்கே இல்லை. ஒருவன் கை காட்டினான். நான் பயத்தில் பிரேக்கை ஒரேயடியாக மிதித்தேன். சக்கரங்கள் இறுகி, கார் ஈர ரோட்டில் சறுக்கிப் போய் முதல் பீப்பாயைத் தட்டியது. ஒரே ஒரு வெடிச்சத்தம். அண்ணன் என் தோளில் சாய்ந்தார், அவ்வளவுதான்.

உன் பிழை இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மாவும் சொன்னார். ஆனால் அன்றோடு நான் ஸ்டியரிங்கைத் தொடுவதை விட்டுவிட்டேன். படுத்தால் அந்த வளைவுதான் வரும். பிரேக்கை அப்படி அழுத்திப் பிடித்திருக்கக் கூடாது. விட்டு விட்டு மிதித்திருந்தால் கார் நின்றிருக்கும். இதை மனதுக்குள் எத்தனை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

1987இல் மனைவியின் அண்ணன் எங்களை விசா ஒழுங்கு செய்து இங்கே எடுப்பித்தார். ஒக்லாந்தின் மவுண்ட் வெலிங்டன் பகுதியில் இரண்டு அறை வீடு ஒன்று வாடகைக்கு. பென்ரோஸில் ஒரு கராஜில் வேலை. இடிபட்டு வரும் கார்களின் தகரத்தைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடிக்கும் இடம் அது. எனக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை. தேய்த்து முடித்த காரைப் பெயிண்ட் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். மற்றவர்கள் சாவியைப் போட்டு ஓட்டிப் போவார்கள். நான் தள்ளிக்கொண்டு போவேன். ஹயர் ஓடிப் பிழைத்தவனுக்கு அங்கே 'கார் ஓட்டத் தெரியாதவன்' என்று பெயர். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விட முடியாத ஒன்று வீட்டில் இருந்தது. மனைவிக்கு எட்டாம் மாதம். எங்களுக்கு ஒத்தாசையாக இருந்த மச்சானும் வேலை மாறித் தலைநகர் வெலிங்டனுக்குப் போய்விட்டார். கராஜில் ஒரு பழைய வான் வண்டியை, "தேவைப்பட்டால் எடுத்துக்கொள்" என்று தந்திருந்தார்கள். அது எங்கள் வாசலில் சும்மா நின்றது. மனைவி கோபித்துக்கொண்டது அந்த ஒரு நாள்தான்.

"பிள்ளை பஸ் நேரம் பார்த்தே வரப்போகுது? உங்கட கவலை எனக்கு விளங்குது. ஆனா நான் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போறது?" என்று கேட்டாள்.

எங்கள் கராஜின் ஃபோர்மன் ஃபிஜியில் பிறந்தவர். தாத்தா காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். வீட்டில் கேட்டுப் பழகிய தமிழை என்னோடு மட்டும் பேசுவார். அவரை நான் 'பாஸ்' என்றே கூப்பிட்டேன். எங்கள் ஊரில் மூத்தவர் யாராக இருந்தாலும் 'அண்ணை' என்றுதான் வாயில் வரும். எனக்கு மூன்று வருடமாக அந்தச் சொல் வரவில்லை.

அவருடைய உயிர் ஒரு காரில் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் செய்தது, எட்டு சிலிண்டர், இரண்டே கதவு, செம்மஞ்சள் நிறம், மூக்கில் கறுப்புக் கோடு. இங்கே இதை 'மசில் கார்' என்பார்கள். ஸ்டார்ட் பண்ணினால் பக்கத்துக் கட்டடத்துக் கண்ணாடியும் அதிரும். அதன் கதவில் யாராவது சாய்ந்தால் போதும், துணியோடு வந்து நிற்பார். காருக்குப் பிறகுதான் பெண்சாதி என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவரும் மறுக்க மாட்டார்.

ஒரு நாள் நான் தனியே ஒரு பெரிய காரைத் தள்ளுவதைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, நிஜமாவே ஓட்டத் தெரியாதா?" என்று கேட்டார். எனக்கு என்ன வந்ததோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வெளியே நான் அதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். கேட்டு முடித்ததும் அவர் எனக்காக ஒரு தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்து வந்து, "ஞாயித்துக்கிழமை என்கூட வா. நீ என் காரை ஓட்டுறே" என்றார்.

ஆட்டோகிராஸ் என்று இங்கே ஒரு விளையாட்டு உண்டு. புல்வெளியில் வளைந்து வளைந்து ஒரு பாதை குறிப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். குறைந்த நேரத்தில் ஓடி முடிப்பவருக்கு வெற்றி. எதிரே வண்டி வராது, பாதசாரி கிடையாது. அதனால்தான் அவர் என்னை அங்கே கூட்டிப் போனார்.

போய் இறங்கியதும் நான் காரின் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். பாதையைக் குறிக்க அவர்கள் வைத்திருந்தது பழைய தார்ப் பீப்பாய்கள். இடம், வலம், இடம், வலம். திரும்பிப் போகலாம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பீப்பாயைப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

"தம்பி, இது வெறும் டிரம். இடிச்சா அஞ்சு செகண்ட் போகும். உசுரு போகாது" என்றார்.

ஓட்டிய ஒவ்வொருவரும் முறை வைத்துத் திடலில் நின்று, விழுந்த பீப்பாய்களை நிமிர்த்தி வைக்க வேண்டும் என்பது அங்கே ஒழுங்கு. தன் ஓட்டத்தை முடித்ததும் அவர் சாவியை என் கையில் தந்துவிட்டு, மறுகோடியில் ஒரு மேட்டுக்குப் பின்னால் நிற்கப் போனார். நான் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஓடியவர் முடித்து வந்தார். தொடக்கக் கோட்டில் நின்றவர், புறப்படலாம் என்று எனக்குக் கொடியை இறக்கினார்.

கார் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. முதல் பீப்பாயை மிகவும் விலகிச் சுற்றினேன். இரண்டாவதில் பின்பக்கம் வழுக்கியது. என் கை தானாகவே ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளித்தது. மூன்றாவது, நான்காவது. கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மூன்று வருடத்தில் முதல் தடவை.

மேட்டில் ஏறி இறங்கும்போது காக்கிக் கோட்டு போட்ட ஓர் உருவம் பக்கத்திலிருந்து முன்னே வந்து கையைத் தூக்கியது. அதற்கு அப்பால், பாதையின் நடுவே, பாஸ் முழங்காலில் இருந்தார். முன்னே போன கார் சாய்த்த பீப்பாயை நிமிர்த்திக்கொண்டிருந்தார். மேடு மறைத்ததால் தொடக்கக் கோட்டில் நின்றவருக்கு அவரைத் தெரியவில்லை. பனி காயாத புல். மிதித்தேன். சக்கரம் இறுகியது. கார் சறுக்கியது. அதே சறுக்கல்.

பெடலை விட்டேன். மிதித்தேன். விட்டேன். மிதித்தேன். "அண்ணை!" என்று நான் கத்தியது என் காதிலேயே விழுந்தது.

கார் அவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி நின்றது.

அதன் பிறகு செய்தது எதையும் நான் யோசித்துச் செய்யவில்லை; ஊரில் சாவடியில் மறித்தால் செய்து பழகியதுதான். எஞ்சினை நிறுத்தினேன். சாவியோடு இறங்கி, அதைக் காரின் கூரையில் வைத்தேன். சட்டைப் பையிலிருந்து என் இலங்கை அடையாள அட்டையை எடுத்தேன். ஆம், நியூசிலாந்து வந்தும் அதைச் சட்டைப் பையில் வைக்காமல் நான் வெளியே இறங்கியதில்லை. அட்டையை விரலில் பிடித்தபடி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

தூரத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு அதுவும் நின்றது.

காக்கிக் கோட்டுக்காரர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண். சிவப்புக் கொடியைப் புல்லில் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். என் விரலிலிருந்து அட்டையை எடுத்தார். அவருக்குத் தெரியாத எழுத்துகள். அந்தப் படத்தையும் என் முகத்தையும் பார்த்தார். அவருக்கு எங்கள் நாட்டைப் பற்றி என்ன தெரியும், எதுவும் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அட்டையை என் சட்டைப் பையில் திரும்ப வைத்து, பொத்தானையும் போட்டுவிட்டார்.

"சிவப்புக் கொடி காட்டினால் அந்த ஓட்டம் கணக்கில் இல்லை. தொடக்கத்துக்குப் போ. உனக்கு இன்னொரு ஓட்டம் உண்டு" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

பாஸ் எழுந்து வந்தார். முழங்கால் இரண்டும் சேறு. காருக்கு ஏதும் ஆனதா என்று அவர் திரும்பியும் பார்க்கவில்லை. தூக்கியபடியே இருந்த என் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழே இறக்கினார். நான் மறுபடி, "அண்ணை" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"இருக்கேன் தம்பி. இங்கேதான் இருக்கேன்" என்றார்.

நான் அழுதேன். சாவடியில் அழவில்லை, செத்தவீட்டில் அழவில்லை. இருபது வெள்ளைக்காரர் பார்க்க அந்தப் புல்வெளியில் அழுதேன். கொடி இறக்கியவர் ஓடி வந்து திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அவர் முகமும் வெளிறிப்போய்த்தான் இருந்தது.

அரை மணி நேரம் கழித்து அந்த இன்னொரு ஓட்டத்தை ஓடினேன். ஒரு பீப்பாயையும் தொடவில்லை. அன்றைக்கு எல்லோரையும்விட அதிக நேரம் எடுத்தவனும் நான்தான்.

திரும்பும்போது அவர் சாவியை வாங்கவில்லை. இடப்பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அண்ணன் அன்று இருந்த அந்தப் பக்கம் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. மோட்டார்வேயில் ஏறிப் பத்து நிமிடம் ஆகவில்லை, குறட்டை கேட்டது. அந்தக் காரை இன்னொருவன் ஓட்ட, அவர் தூங்கினார். மவுண்ட் வெலிங்டன் வரும்வரை அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

நான்கு வாரம் கழித்து ஒரு மத்தியானம் மனைவிக்கு வலி வந்தது. வாசலில் நின்ற வானை எடுத்தேன். அவள் என் கையைப் பார்த்தபடியே வந்தாள். மகள் அன்று மாலையே பிறந்தாள்.

அந்த அட்டை இப்போது சட்டைப் பையில் இல்லை, வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அண்ணன் போனதைக் கணக்கில் இல்லை என்று சொல்ல எந்தக் கொடிக்காரராலும் முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் கை தூக்கி நின்ற ஒருவனின் அட்டையை வாங்கிப் பார்த்து, அதைத் திரும்ப வைத்துப் பொத்தானும் போட்டு, போய் மறுபடி ஓட்டு என்று அனுப்புகிறவர்களும் இந்த உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.