தம்பிக்கு மட்டும் மூன்று தட்டு

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் பூஞ்சை பார்க்கிற அவளை, அவளைவிட மூத்தவரான தலைமை மருத்துவர் உட்பட எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையிலேயே அவளுக்குத் தம்பியாகப் பிறந்தவன் மட்டும் "ஏய்" என்பான். பேருந்து ஓட்டுகிறவன், வாய் கொஞ்சம் நீளம். வயிற்று ஆபரேஷனுக்குப் படுத்த இடத்தில் அவன் ரத்தத்தில் பூஞ்சை ஏறிவிட்டது. மாடியில் அவன் காய்ச்சலில் கிடந்தான். அவன் ரத்தத்தில் முளைத்தது கீழே அக்காவின் மேசைக்கு வந்தது.

வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. பூஞ்சையை வெறும் ஊட்டம் போட்ட தட்டுக்கு ஒருமுறை மாற்றி வளர்த்து, அப்புறம் மருந்தில் தோய்த்த காகித வட்டத்தை அதன்மேல் வைக்க வேண்டும். சுற்றிலும் பூஞ்சை முளைக்காமல் காலியாக இருந்தால் மருந்து கேட்கும் என்று பொருள். எல்லா நோயாளிக்கும் ஒருமுறை மாற்றுகிறவள் தம்பிக்கு மூன்று முறை மாற்றினாள். வேறு கிருமி கலந்துவிடக்கூடாது, தன் கையால் தப்பு நேர்ந்துவிடக்கூடாது என்ற பயம். சொந்த ரத்தம் என்றால் கை சும்மா இருக்குமா? மூன்றாவது தட்டில் பளிச்சென்று காலி இடம் தெரிந்தது. மருந்து கேட்கும் என்றாள். காய்ச்சல் கண்ட நாளிலிருந்து ஏற்றிவந்த அதே மருந்தைத் தொடர்ந்து கொடுத்தார்கள்.

காய்ச்சல் இறங்கவில்லை. மறுபடி ரத்தம் வந்தது. மறுபடி மூன்று முறை மாற்றினாள், மறுபடி காலி இடம். அதற்குள் தம்பி, கண்ணுக்கு முன்னால் புகையாகத் தெரிகிறது என்றான்.

தலைமை மருத்துவர் ரத்தத்திலிருந்து நேராக எடுத்த பூஞ்சையையும் மூன்றாவது தட்டுப் பூஞ்சையையும் மரபணுப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே வேலை பார்க்கும் பெண் அக்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

"நேரா எடுத்ததுல ஒரு குரோமோசோம் கூடுதலா இருக்கு அக்கா. மருந்த வெளிய தள்ளுற ஜீன் அதுலதான் இருக்கு. மருந்து விரட்டுனா, பூஞ்சை அந்தக் குரோமோசோம்ல இன்னொரு காப்பி சேத்துக்குது."

"என் தட்டுல?"

"அது இல்ல. மருந்து இல்லாத இடத்துல அது வீண் சுமை. வளர வளரக் கழட்டிப் போட்டுடும். ஒரு தடவ மாத்தியிருந்தா கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். எத்தன தடவ மாத்துனீங்க?"

அக்கா சொன்னாள். அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே மருந்தை மாற்றினார்கள். உயிர் பிழைத்துக்கொண்டான். ஆனால் பூஞ்சை கண்ணுக்குள் போயிருந்தது. இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அக்கா அழவில்லை. அழுகை வருமென்று கழிப்பறையில் போய் நின்று பார்த்தாள், கையைக் கழுவிக்கொண்டு திரும்பினாள். நேரத்துக்குச் சாப்பிட்டாள், தூங்கினாள். மனசு மரத்துப்போய்க் கிடந்தது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று தம்பியின் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் ஒரு தடவ, எனக்கு மட்டும் மூணா?"

"ஆமா."

"என்னையும் யாரோ ஒருத்தனா நெனச்சிருந்தா கண்ணு தப்பிச்சிருக்கும்?"

"தப்பிச்சிருக்கலாம்."

அவன் காலால் தரையில் செருப்பைத் தேடினான்.

"என் பொண்டாட்டிகிட்ட இதச் சொல்லிடாத."

"ஏன்டா?"

"அவ உன்மேல கோவப்பட்டா நான்தானே சமாதானம் பண்ணணும். எனக்கே இன்னும் ஆறல."

சரி என்றாள் அக்கா. குனிந்து செருப்பை அவன் காலுக்கு நேராகத் திருப்பி வைத்தாள்.